சீலை மாற்றி வரும்வரை காத்திருந்தவர்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். தவமண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை ஒன்றும் எழுதுவதில்லை என்று இருந்தேன். செத்த வீட்டில் சண்டை பிடிப்பது அழகல்ல என்று நினைத்தேன். அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் கையிலும் ஒரு நினைவு மலரைத் தந்தார்கள். வழவழப்பான தாள். தேவாரம் இருக்கிறது, வம்ச வரிசை இருக்கிறது, பண்பாளர், பாசமிகு கலைஞர் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதர் தன் கடைசிக் காலத்தில் எதற்காக அலைந்து திரிந்தாரோ, அந்த ஆற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரை அறிந்தவர்களுக்காக அந்த வரியை நான் இங்கே எழுதுகிறேன். ஒரு வரியில் முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

செய்தி வந்தது பாடசாலை இடைவேளையில். நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். தேநீரைக் கையில் எடுத்தபோது நிஸாம் அழைத்தான். அவன் முல்லைத்தீவில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். எங்களோடு ஆற்றங்கரைக்கு வந்தவர்களில் கடைசிவரை நின்றவன். அவனுடைய இலக்கம் என்னிடம் இருப்பது தெரிந்தும் எப்போதும் "சேர், நிஸாம் கதைக்கிறன்" என்றுதான் தொடங்குவான். அன்று பெயர் சொல்லவில்லை. "சேர், தவமண்ணை மோசம் போயிட்டார்" என்றான். தேநீரை மேசையில் வைத்துவிட்டு, எப்படி என்று கேட்டேன்.

முள்ளியவளையில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் படமெடுக்கப் போயிருக்கிறார். பிள்ளையோடு ஒவ்வொரு குடும்பமாக மேடையில் ஏறி நிற்கிற நேரம். ஒரு பெரிய குடும்பத்தை ஏற்றி, யார் எங்கே நிற்பது என்று சொல்லி, "ஒழுங்கா நிண்டு முடியுங்கோ, நான் இருக்கிறன்" என்று கதிரையில் இருந்திருக்கிறார். கமரா கழுத்தில். அவர்கள் சீலைத் தலைப்பைச் சரிசெய்து, பிள்ளைகளை முன்னால் விட்டு, சிரித்தபடி நின்றார்களாம். அவர் எடுப்பார் எடுப்பார் என்று நின்றுகொண்டே இருந்தார்களாம். நிஸாம் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைசியிலும் அந்த மனிதர் மற்றவர்கள் உடுத்து வெளிக்கிட்டு முடியும்வரை காத்திருந்தே போயிருக்கிறார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தவமண்ணை என்று நாங்கள் கூப்பிட்ட தவராசா, மாங்குளம் சந்திக்குக் கிட்ட ஒரு சிறிய ஸ்ரூடியோ வைத்திருந்தார். அடையாள அட்டைப் படம், கலியாணம், சாமத்திய வீடு, வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்பச் செத்த வீட்டுப் படம், இவைதான் தொழில். தன்னைக் கலைஞர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது முகப்புத்தகம் முழுக்க அவரை "மக்கள் கலைஞன்" என்கிறார்கள். அப்படி எழுதியவர்களில் பாதிப்பேரை நான் அறிவேன். ஆற்றடிக்கு வாருங்கள் என்று கேட்டபோது ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் பழுது, இன்னொருவர் "இதுக்குள்ளை அரசியல் இருக்கு" என்று ஒதுங்கியவர். இதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதுமில்லை.

நடந்தது இதுதான். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே மிஞ்சியிருப்பவர்களுக்கு என்னால் இன்னொரு தொல்லை வேண்டாம். ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கிற இடத்தில் உள்ள ஊர். வளைவின் உட்புறம் மணல் படியும். அந்த மணலுக்கு ஒருவர் அனுமதி எடுத்தார். அனுமதியில் சொன்ன இடத்தில் தொடங்கி, சொல்லாத இடம்வரை போனார்கள். பெக்கோ இயந்திரம் கரையையே வெட்டியது. மருத மரங்களின் வேர்கள் பல் விழுந்த வாய்போலத் தொங்கின. டிப்பர்கள் பள்ளிக்கூடப் பாதையை உழுதுவிட்டுப் போயின. ஊர்ச் சனம் எல்லா இடமும் சொன்னது. பிறகு மாரி வந்தது. வழமையான மாரியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆறு வளைவில் திரும்பவில்லை. வெட்டிய கரையால் நேரே வந்து வயலுக்குள்ளாலும் வீடுகளுக்குள்ளாலும் போனது. தண்ணீர் வடிந்தபோது பயிர் நின்ற நிலத்தில் முழங்காலளவு மணல் கிடந்தது. மாடுகள் வேலிக் கம்பியில் கொழுவிக்கொண்டு செத்துக் கிடந்தன.

பத்திரிகைகளில் படம் வந்தது. வள்ளத்தில் போகிற பிரமுகர், பாய் கொடுக்கிற பிரமுகர். "இயற்கையின் சீற்றம்" என்று தலைப்பு. நான் ஒரு கட்டுரை அனுப்பினேன். ஆறு ஏன் திரும்பவில்லை என்று சொன்ன பகுதியை வெட்டிவிட்டு, மழைவீழ்ச்சியைச் சொன்ன பகுதியை மட்டும் போட்டார்கள். அந்தப் பத்திரிகையை நான் இன்றும் வாங்குவதில்லை.

அந்த வாரம்தான் தவமண்ணை ஸ்ரூடியோவைப் பூட்டிவிட்டு என்னைத் தேடி வந்தார். அவருடைய மருமகன் முறையான ஒருவரைப் படிப்பித்த பழக்கம் மட்டுமே எங்களுக்குள் இருந்தது. "மாஸ்டர், கரையிலை பெக்கோவின்ரை பல்லு அடையாளம் அப்பிடியே இருக்கு. அடுத்த மழைக்கு முதல் எடுக்க வேணும். நீங்கள் என்ன ஏதெண்டு எழுதித் தாங்கோ" என்றார். மழைக்காலம் முடிந்ததும் அந்த வளைவுக்கான மணல் அனுமதியைப் புதுப்பிப்பதா இல்லையா என்று ஒரு விசாரணை வைக்கப்போவதாக அவருக்குத் தெரிந்திருந்தது. புதுப்பித்தால் அடுத்த மாரிக்கு மிச்ச வயலும் போகும், மிச்ச வீடுகளும் போகும். அதை நிறுத்துவதற்கு எங்களிடம் இருந்தது படம் மட்டும்தான்.

இப்படித்தான் ஒரு ஸ்ரூடியோக்காரரும் ஒரு வீடியோக்காரனும் ஒரு வாத்தியாரும் சேர்ந்தோம். வவுனியாவிலிருந்து இன்னும் இரண்டு படப்பிடிப்பாளர்கள் வந்தார்கள். சேறு சப்பாத்துக்கு மேல் ஏறியதும் நின்றுவிட்டார்கள். எங்களை ஒருவரும் அனுப்பவில்லை. எங்களுக்கு ஒரு பெயரும் இல்லை.

முதல்நாளே பிழைத்தது. அல்லது முதல்நாளே எல்லாம் சரியாக நடந்தது; எது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

வளைவுக்கு ஆகக் கிட்ட இருந்தது பரமேஸ்வரி அக்காவின் காணி. புருசன் இல்லாதவர்; மகள் தூரத்தில் கட்டிப்போய்விட்டாள். வீட்டின் ஒரு பக்கச் சுவர் ஆற்றோடு போய்விட்டது. நாங்கள் போனபோது குசினி வாசலில் முழங்காலில் நின்று, கையால் மணலை அள்ளி அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தார். தலைமயிர் அவிழ்ந்து, கழுத்துவரை சேறு, உடுப்புக் கிழிந்து தோளில் தொங்கியது. அவருக்குப் பின்னால் இல்லாத சுவருக்கூடாக வெட்டிய கரை முழுதும் தெரிந்தது. நிஸாம் ஒரு படம் எடுத்தான். நான் அதைக் கமராவின் சிறிய கண்ணாடியில் பார்த்தேன். சொல்வதற்கு வேறொன்றும் தேவையில்லாத படம். ஆறு, கரை, பெக்கோவின் பல் அடையாளம், நடுவில் மணலை அள்ளுகிற கை.

அக்கா திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை. "தம்பி, என்னை இப்பிடி எடுக்க வேண்டாம்" என்றார்.

தவமண்ணை கமராவை நிஸாமிடமிருந்து வாங்கினார். அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, அந்தப் படத்தை அவருக்குக் காட்டினார். "இதுதானே தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தார். நான் "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் படம் போய்விட்டது.

பிறகுதான் அக்கா சொன்னார். முன்பு ஒருகாலம் இடம்பெயர்ந்து அகதி முகாமில் இருந்தபோது யாரோ அவரைப் படம் எடுத்திருக்கிறார்கள். கேட்கவில்லை, பெயரும் விசாரிக்கவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு ஏதோ விண்ணப்பம் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போன இடத்தில், சுவரில் தொங்கிய கலண்டரில் தன்னுடைய முகத்தைக் கண்டாராம். "சாப்பாட்டு லைனிலை நிக்கிறன். வாயைத் திறந்துகொண்டு. அந்த மாசம் முழுக்க அங்கை வாறவன் போறவன் எல்லாம் என்ரை வாயைப் பாத்திருப்பான்" என்றார். "இந்த முறை நான் சொல்லுற மாதிரி எடுங்கோ. இல்லாட்டிப் போங்கோ."

"போய் வெளிக்கிட்டு வாங்கோ தங்கச்சி. நாங்கள் நிக்கிறம்" என்றார் தவமண்ணை.

அக்காவிடம் காய்ந்த துணி ஒன்றும் இருக்கவில்லை. மேட்டில் இருந்த ஒரு வீட்டுக்குப் போய்ச் சீலை இரவல் வாங்க வேண்டும். தண்ணீருக்குள்ளால் நடந்து போனார். நாங்கள் காத்திருந்தோம். வெளிச்சம் நன்றாக இருந்த நேரம் முழுதும் போய்க்கொண்டிருந்தது. நான் கரையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். தவமண்ணை ஒரு கல்லில் இருந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி வந்தபோது கத்தரிப்பூ நிறச் சீலை, இழுத்துக் கட்டிய கொண்டை, முகத்தில் பவுடர். இடிந்த வீட்டின் முன்னால் வந்து, இரண்டு கையையும் முன்னால் கோத்து, நேராக நின்றார். தவமண்ணை எடுத்தார். ஒரே ஒரு தடவை, "நாடியைக் கொஞ்சம் உயத்துங்கோ" என்றார். கலியாண வீட்டில் சொல்கிற அதே குரல்.

கதை ஊருக்குள் பரவிவிட்டது. மத்தியானத்துக்குள் சனம் முகம் கழுவத் தொடங்கியது. தண்ணீர் நின்ற வீடுகளுக்குள்ளிருந்து ஆட்கள் வெளிக்கிட்டு வந்தார்கள். ஒரு பெண் வாசலில் கிடந்த சேற்றைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் படத்துக்கு நிற்பேன் என்றார். வெள்ளத்தின் அடையாளத்தையே கூட்டித் தள்ளுகிறாரே என்று நான் தலையில் கை வைத்தேன். ஒரு பெரியவர் நீட்டுக்கை வெள்ளைச் சேட்டு, கீழே நனைந்த சாரத்தோடு வந்தார். "மேலுக்குத்தானே எடுப்பியள்?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை, முழு ஆளையும் எடுப்பன். காற்சட்டையும் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றார் தவமண்ணை.

"காற்சட்டை ஆத்தோடை போயிட்டுது. ஆறுதான் இப்ப போட்டுக்கொண்டு திரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். செத்த மாடுகளின் மணம் அடித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் சண்டை பிடித்தேன். "நாங்கள் கலியாண வீட்டுக்கு வரேல்லை தவமண்ணை" என்றேன். சுத்தமாய் உடுத்திய ஆட்களைப் பார்த்து ஓர் அதிகாரியும் அனுமதியை நிறுத்தமாட்டான், அந்த ஒரு படம் இருந்திருந்தால் போதும், அதை நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அழிச்சது நானில்லை மாஸ்டர். அவா வேண்டாமெண்டவா. படம் அவையின்ரை, நாங்கள் சும்மா பொத்தானை அமத்துற ஆக்கள்" என்றார். அமத்துகிறவர்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. வடிவா எடுக்கிறது" என்றார். இப்படிப் பதில் சொல்கிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இன்னொரு சண்டை பெயரைப் பற்றியது. ஸ்ரூடியோக்காரர்கள் எல்லோருமே படத்தின் மூலையில் தங்கள் பெயரைப் பதிப்பார்கள். நிஸாமின் கணினி அதைத் தானாகவே செய்துவிடும். பூப்போட்ட எழுத்தில் அவனுடைய கடைப் பெயர், பக்கத்தில் இரண்டு இதயங்கள். முதல் தொகுதிப் படங்களில் செத்த மாட்டின் கொம்புக்கு மேலே அந்த இதயங்கள் வந்திருந்தன. தவமண்ணை ஒவ்வொன்றிலும் அதை எடுக்கச் சொன்னார். தன்னுடைய பெயரையும் போடவில்லை. இடமும் திகதியும் மட்டும். நான் எதிர்த்தேன். பெயரில்லாத பொருளை எவனும் தூக்கிக்கொண்டு போவான் என்றேன். அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "பேர் போட்டால் பேரைத்தான் பாப்பாங்கள், மாஸ்டர். ஆர் எடுத்தது, ஆரின்ரை ஆள், ஆர் காசு குடுத்தது எண்டு கதை அங்கை போயிடும். ஆத்தைப் பாக்கமாட்டாங்கள்."

நான் சொன்னதுதான் நடந்தது. கொழும்பிலிருந்து இயங்கும் ஒரு நிறுவனம் எங்கள் கரைப் படத்தை எடுத்துத் தன் அறிக்கையின் அட்டையில் போட்டது. மூலையில் அவர்களுடைய சின்னம் பெரிதாக இருந்தது. "உள்ளூர்ச் சமூகத்தின் உதவியுடன்" என்று உள்ளே எங்கோ சிறிய எழுத்தில். அந்த அறிக்கையைக் கொண்டுபோய்த் தவமண்ணையின் மேசையில் போட்டேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லாய் அச்சடித்திருக்கிறார்கள் என்றார். "எங்கடை கரை கொழும்புக்குப் போயிட்டுது. சந்தோசப்படுங்கோவன்." நான் சந்தோசப்படவில்லை. கரை போகவில்லை, படம்தான் போனது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விசாரணை நடந்த நாளுக்கு வருகிறேன். ஒரு சிறிய மண்டபம், நீண்ட மேசை. அனுமதி கேட்டவர் தன் ஆட்களோடு முன்வரிசையில். அவரை ஒப்பந்தக்காரர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். ஊரிலிருந்து பரமேஸ்வரி அக்காவும் சிலரும் வந்திருந்தார்கள். படங்களைப் பெரிதாக்கி மட்டைகளில் ஒட்டிக் கொண்டுபோயிருந்தோம். கரைப் படங்களைப் பார்த்த அதிகாரி, ஆற்றங்கரை என்றால் அரிக்கத்தானே செய்யும் என்றார். பெக்கோவின் பல் அடையாளத்தைக் காட்டினேன். அது எந்தக் காலத்து அடையாளமோ என்றார். பிறகு ஆட்கள் நிற்கிற படங்களுக்கு வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"இவையைப் பாத்தால் வெள்ளத்திலை பாதிக்கப்பட்ட ஆக்கள் மாதிரித் தெரியேல்லையே. கோயில் திருவிழாவுக்கு வெளிக்கிட்டு நிக்கிற மாதிரி எல்லோ இருக்கு. இது நிப்பாட்டி வைச்சு எடுத்த படம்."

முன்வரிசையில் சிரிப்புக் கேட்டது. நான் எதிர்பார்த்த அதே வார்த்தைகள். எனக்குக் கோபம் வந்தது. யார்மீது கோபம் என்றுகூடத் தெரியவில்லை. தவமண்ணை எழுந்தார்.

"ஓம் ஐயா, நிப்பாட்டி வைச்சுத்தான் எடுத்தது. அவை படத்துக்கு வெளிக்கிட்டவைதான். ஆனால் அவைக்குப் பின்னாலை நிக்கிற வீடு வெளிக்கிடேல்லை. வீட்டைப் பாருங்கோ."

முன்வரிசைச் சிரிப்பு நின்றது. அதிகாரி படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கவும் செய்தார். ஒரு கணம் நான்கூட நம்பினேன். பிறகு அவர் மட்டையைக் குப்புற வைத்தார். அடுத்த மாதம் அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

தவமண்ணையின் அந்தப் பதிலை இப்போது பலர் மேடையில் சொல்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, கைதட்டலாம். அந்தப் பதிலால் ஒரு டிப்பரும் நிற்கவில்லை என்பதை ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அதன் பிறகு அவருக்குக் கலியாண அழைப்புகள் குறைந்தன. எங்கள் பக்கத்தில் வசதியாகக் கலியாணம் செய்கிறவர்களில் பலருக்கு மணலோடு ஏதோ ஒரு தொடர்பு உண்டு. டிப்பர் வைத்திருப்பார்கள், அல்லது வைத்திருப்பவருக்கு உறவாக இருப்பார்கள். இந்த நேரத்தில்தான் ஒப்பந்தக்காரர் தன் மகளின் கலியாணத்துக்குத் தவமண்ணையைக் கூப்பிட்டார். இவர் போனார். எனக்குச் செய்தி நிஸாமிடமிருந்து வந்தது. ஸ்ரூடியோவுக்குப் போய், அவருடைய மனைவிக்கு முன்னாலேயே கேட்டேன்: "அவன்ரை வீட்டுக்கா போனியள்?"

"அந்தப் பிள்ளை என்ன, ஆத்தையே வெட்டினது?" என்றார். "சின்னனிலை பாலர் வகுப்புப் படமும் நான்தான் எடுத்தனான். என்னைக் கூப்பிடச் சொல்லி அவள்தான் அடம்பிடிச்சவளாம்."

அவருடைய மனைவி செல்வராணி அக்கா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். பல வாரங்கள் தவமண்ணையோடு கதைக்கவில்லை. திரும்பவும் கதைக்கத் தொடங்கியதும் அவர்தான். ஒன்றும் நடக்காததுபோல அழைத்து, கரை இன்னும் உள்ளே போயிருக்கிறது, வருகிறீர்களா என்றார். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே மருத மரத்தடியில் நின்று அந்த வளைவைப் படம் எடுத்துவந்தார். விசாரணை முடிந்துவிட்டதே, இது யாருக்கு என்று கேட்டேன். "ஆறு இன்னும் முடிக்கேல்லையே" என்றார். அடுத்த மாரியில் அந்த மரமும் விழுந்தது. பரமேஸ்வரி அக்காவின் காணியில் மிஞ்சியதும் போனது. அவர் ஸ்கந்தபுரத்தில் தங்கையின் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்.

செத்த வீட்டுக்கு அக்கா வந்திருந்தார். பந்தலில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். வாசலில் ஒப்பந்தக்காரரின் கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்கியது. தவமண்ணையின் படத்தைவிட அவருடைய பெயர் பெரிது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் இருந்தது வாயால் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த முதல் படத்தை அழிக்காமல் விட்டிருந்தால் உங்கள் காணி தப்பியிருக்கும் அக்கா என்றேன். செத்தவரைத் துக்க வீட்டில் வைத்துக் குறை சொன்னேன். திரும்பப் பெற்றுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அக்கா பதாகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இருந்திருந்தால் என்ன மாஸ்டர்? காணியும் போயிருக்கும், நானும் உலகம் முழுக்க அப்பிடி முழங்காலிலை நிண்டிருப்பன்" என்றார். பிறகு, தவமண்ணை கொடுத்த படத்தைச் சட்டம் போட்டுத் தங்கையின் வீட்டுச் சுவரில் வைத்திருப்பதாகச் சொன்னார். ஆற்றங்கரை வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது அதற்குள் இருக்கிற வீடுதான் என்றார். சீலையை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

நினைவு மலருக்கு எழுதித் தரும்படி என்னிடமும் கேட்டிருந்தார்கள். எழுதினேன். இங்கே நீங்கள் படித்ததில் பெரும்பகுதி அதுதான். மலர்க் குழுவைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, ஆற்றைப் பற்றிய பகுதிகளை எடுத்துவிட்டு, அவருடைய நல்ல குணங்களைப் பற்றி அரைப் பக்கம் தந்தால் போதும் என்றார். அச்சுச் செலவை யார் ஏற்றிருக்கிறார் என்று கேட்டேன். அவர் கதிரையின் கையைத் தடவினார். நான் செல்வராணி அக்காவிடம் போனேன். அவர் அழவில்லை. "மாஸ்டர், நீங்கள் எழுதினதெல்லாம் உண்மை. எங்கையும் போடுங்கோ. மலரிலை வேண்டாம். நாளைக்கு எனக்கு ஒண்டெண்டால் முதல் வாகனம் அனுப்புற ஆளும் அந்த ஒப்பந்தக்காரர்தான். நான் இந்தச் சந்தியிலைதானே இருக்க வேணும்" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவரை இந்த நிலையில் வைத்திருக்கிறவர்களைச் சொல்கிறேன். வாழ்நாள் முழுதும் மற்றவர்களை வடிவாக எடுத்த மனிதரைக் கடைசியில் அவர்கள் தங்கள் வசதிக்கு வெட்டி ஒட்டி எடுத்துவிட்டார்கள்.

அந்தியேட்டிக்கு முந்திய வாரம் மழை பிடித்தது. ஊரிலிருந்து நிஸாமுக்கு அழைப்பு வந்தது. ஆறு இப்போது பள்ளிக்கூடப் பாதையைக் கடந்துவிட்டது, வந்து எடுங்கள் என்று. வேறு யாரும் வரவில்லை. நிஸாம் வீடியோவை எடுக்க, தவமண்ணையின் பழைய கமராவை நான் எடுத்துக்கொண்டு போனேன். செல்வராணி அக்கா தந்தது. நான் படம் எடுக்கத் தெரிந்தவனல்ல, அமத்தத் தெரியும்.

முதல் வீட்டின் முன்னால் ஒரு மனிதர் இடுப்பளவு தண்ணீரில், வெறும் மேலோடு, நெல்மூட்டை ஒன்றைத் தலையில் சுமந்தபடி வந்துகொண்டிருந்தார். பின்னால் அவருடைய வீட்டின் கூரை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மேகத்துக்கூடாகக் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. இதுதான் அந்தப் படம் என்று எனக்குத் தெரிந்தது. நிஸாமுக்கும் தெரிந்தது, அவன் என்னைப் பார்த்தான். நான் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

"சேர், ஒரு நிமிசம் பொறுங்கோ. சேட்டொண்டு போட்டுக்கொண்டு வாறன்" என்றார் அந்த மனிதர்.

போட்டுக்கொண்டு வந்தால் வெளிச்சம் போய்விடும். மூட்டையும் தலையில் இருக்காது. நாளைக்கு இன்னொரு மேசையில் இன்னொருவர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பார். எல்லாம் எனக்குத் தெரியும். தவமண்ணையை மனத்துக்குள் நன்றாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே கமராவைக் கீழே இறக்கினேன். தண்ணீருக்குள் நின்றேன். அவர் உள்ளே போய், ஈரமான கோடுபோட்ட சேட்டைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, தலையையும் வாரிக்கொண்டு வந்து, சாய்ந்த கூரைக்கு முன்னால் நிற்கும்வரை நின்றேன். "நாடியைக் கொஞ்சம் உயத்துங்கோ" என்றது என்னுடைய குரல்தான்.

தவமண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் காத்திருத்தல். அவர் செய்தது சரி என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அனுமதி நிற்கவில்லை, ஆறு நிற்கவில்லை, அவரும் இல்லை. இருந்தும், இனி என் கையில் கமரா இருக்கும்வரை, சேட்டுப் போட்டுவர ஒருவர் நேரம் கேட்டால் நான் நிற்பேன்போல இருக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை.

இதோடு படங்களையும் சேர்க்கிறேன். மாதம் ஒருமுறை அவர் எடுத்த அந்த வளைவு, மருத மரம் நிற்பதும் விழுந்து கிடப்பதும், பரமேஸ்வரி அக்காவைக் கேட்டபின் அவர் அனுமதித்த கத்தரிப்பூச் சீலைப் படம், கடைசியாக நான் எடுத்த கோடுபோட்ட சேட்டு. இதற்கும் அந்த மனிதரைக் கேட்டுவிட்டேன். கீழே திகதி மட்டும் இருக்கிறது. இடத்தின் பெயரை இந்த ஒருமுறை நான் விட்டுவிட்டேன், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

என்னுடைய பெயரை எழுதி, அதை அழித்து, மறுபடி எழுதினேன். எழுதியவர் யாரென்று இந்தப் பகுதியில் பலருக்கு இரண்டாம் பந்தியிலேயே தெரிந்திருக்கும், ஆகவே இது பயமல்ல. ஆனால் பெயரைப் போட்டால், இவன் எப்போதும் எல்லோரோடும் கொழுவுகிறவன், பத்திரிகையோடு கோபம், மலர்க் குழுவோடு கோபம், செத்தவரோடும் கோபம் என்று கதை என்னிடம் வந்து நின்றுவிடும். அவை எல்லாம் உண்மையும்தான். ஆற்றை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இந்த ஒரு விடயத்திலாவது அந்த மனிதரோடு நான் வாதாடப் போவதில்லை. பெயர் இல்லாமலே பதிவிடுகிறேன். படத்தைப் பாருங்கள். ஆட்களுக்குப் பின்னால் நிற்கிற வீடுகளைப் பாருங்கள்.